கேளுங்கள், சொல்கிறோம்: காரத்தில் ஏறும் மின்னோட்டம் வியர்வையில் ஏன் ஏறவில்லை?

கேள்வி: ஆய்வுத் திட்டத்துக்காக நிக்கல் தகட்டில், நொதி இல்லாத குளுக்கோஸ் உணரி செய்தேன். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அருமையாக வேலை செய்தது. செயற்கை வியர்வையில் எவ்வளவு குளுக்கோஸ் சேர்த்தாலும் மின்னோட்டம் அசையவில்லை. எங்கே தவறு?
- முதுகலை வேதியியல் மாணவி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கைவேலையில் தவறில்லை, நிக்கலின் குணமே அதுதான். காரத்தில் 0.45 வோல்ட்டை ஒட்டி நிக்கல் ஹைட்ராக்சைடு ஆக்சிஹைட்ராக்சைடாக மாறுகிறது. அது குளுக்கோஸை ஆக்சிஜனேற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சைக்ளிக் வோல்ட்டாமெட்ரியில் ஏறுமுக உச்சி வளர, இறங்குமுக உச்சி சிறுத்ததைக் கவனித்திருப்பீர்கள். இந்தச் சுழற்சிக்கு ஹைட்ராக்சைடு அயனி வேண்டும். பி.எச். 7.4 உள்ள ரத்தத்தில் அது உங்கள் காரக் கரைசலில் இருப்பதைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு குறைவு. வியர்வை பெரும்பாலும் அமிலப் பக்கம். போதாக்குறைக்கு அதிலுள்ள குளோரைடு நிக்கலை அரிக்கும். நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். வியர்வையை அளக்கக் கையில் கட்டும் பட்டைக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நிக்கலை விடாமல் திட்டத்தை முடிக்க, ரத்த சீரத்தைக் காரத்தில் நீர்க்கச் செய்து அளவிடுங்கள். தகட்டை 0.05 மைக்ரான் அலுமினாத் தூளால் மெருகேற்றிக் கழுவி, காரத்தில் 0 முதல் 0.6 வோல்ட் வரை, நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில், வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை ஓட்டுங்கள். 30 முதல் 50 சுற்று ஆகலாம். 100 மில்லிக்கு 0.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போதும். வில்லைகள் தராசிலேயே ஈரம் கோத்துப் பளபளக்கத் தொடங்கும், சீக்கிரம் எடைபோடுங்கள். கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதைக் கார்பனேட் ஆக்கிவிடும். குளுக்கோஸ் இருப்புக் கரைசலைத் தண்ணீரில்தான் போட வேண்டும். காரத்தில் வைத்தால் ஃப்ரக்டோஸாகவும் மேனோஸாகவும் மாறத் தொடங்கும்.

0.5 வோல்ட்டில் 10 மில்லி காரத்தைக் கலக்கியபடி, பின்னணி மின்னோட்டம் அடங்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு 100 மைக்ரோலிட்டர் சீரம் விடுங்கள். 5 மில்லிமோலார் குளுக்கோஸ் இப்போது 0.05 மில்லிமோலார்தான். அடுத்து 0.1 மோலார் குளுக்கோஸை 5 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று முறை சேர்த்து, சேர்த்த குளுக்கோஸுக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்து, அந்தக் கோட்டை மின்னோட்டம் பூஜ்யமாகும் இடம்வரை பின்னோக்கி நீட்டிக் கணக்கிடுங்கள். சீரப் புரதம் மின்முனையில் படிந்து உணர்திறன் குறைவதை இந்த முறை ஈடுகட்டும். ஆனால் யூரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் தரும் மின்னோட்டத்தை இது கழிக்காது. பலரும் சறுக்குவது இங்கேதான். அதே சீரத்தை மருத்துவ ஆய்வகத்திலும் அளந்து ஒப்பிடுங்கள்.

அளவு நாளுக்கு நாள் நகர்ந்தால் மின்னழுத்தத்தை அளக்க அடிப்படையாக இருக்கும் வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையைச் சந்தேகியுங்கள். காரம் உள்ளே கசிந்தால் அது கெடும். பாதரசம்/பாதரச ஆக்சைடு மின்முனை காரத்துக்கு ஏற்றது.

வியர்வைதான் வேண்டும் என்றால் தங்கத்துக்கு மாறுங்கள். சில நொடிகள் மைனஸ் 2 வோல்ட் கொடுத்தால் நீர் பிளந்து, மின்முனையை ஒட்டி ஹைட்ராக்சைடு திரளும். அது கலைவதற்குள் 0.2 வோல்ட்டுக்குத் தாவி அளக்க வேண்டும்.

கேள்வி: பாரசிட்டமால் மாத்திரை போட்டவரின் மாதிரியில் அந்த மருந்தும் மின்னோட்டம் தருகிறது. மின்முனைமேல் நாஃபியான் என்ற பாலிமர் படலம் பூசினால் அந்தத் தொல்லை தீருமா?

பதில்: பி.எச். 7.4-ல் தீராது. நாஃபியான் எதிர்மின்னேற்றம் கொண்டவற்றைத்தான் தள்ளும். பாரசிட்டமாலுக்கு அங்கே மின்னேற்றம் இல்லை, உள்ளே நுழைந்துவிடும். பூச்சு தடித்தால் குளுக்கோஸும் தாமதமாகத்தான் வந்துசேரும்.