தாய்லாந்து வகுப்பறையில் நம்ம ஊர் நட்சத்திரம்

கேள்வி: குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. மே மாதத்திலிருந்து தாய்லாந்தில் ஒரு பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் 25 அன்று இங்கே லீவு கிடையாது. அன்றைக்குப் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் கொண்டாடச் சொல்லியிருக்கிறார் தலைமை ஆசிரியை. எல்லோரும் பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகள். என்ன செய்யலாம், எதுவரை செய்யலாம்? நள்ளிரவுப் பூசைக்கு ஊரில் இல்லாத முதல் வருடம், அந்த ஏக்கம் வேறு.
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, இணையத்தில் தேடினால் பனிமனிதன், மான் வண்டி, புகைபோக்கி என்று வந்து கொட்டும், முதலில் அதையெல்லாம் ஒதுக்கி வையுங்கள். நீங்களும் பனியில் வளரவில்லை, அந்தப் பிள்ளைகளும் பார்த்ததில்லை, பாங்காக்கில் டிசம்பர் பகலிலும் 30 டிகிரி அடிக்கும். கருங்கல்லில் நீங்கள் கொண்டாடிய கிறிஸ்துமஸையே காட்டுங்கள். 'டீச்சர் வீட்டில் இப்படித்தான்' என்று ஆரம்பித்தால் ஆறு வயதுப் பிள்ளை காது கொடுத்துக் கேட்கும்.

என்னைக் கேட்டால் நட்சத்திரம் போதும். மூங்கில் சீவிக் கட்டி, வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு வாசலில் தூக்குவோமே, அதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு மூங்கில் வேண்டாம், ஐந்து ஐஸ் குச்சிகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டினாலே ஐந்து முனை வந்துவிடும். லாய் கிராத்தோங் பண்டிகைக்கு வாழையிலையை மடித்து மிதவை செய்கிற ஊர் அது, கைவேலை அவர்களுக்குப் புதிதாக இருக்காது. எடு, மடி, வெட்டு, ஒட்டு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே நீங்கள் முதலில் செய்யுங்கள், அப்புறம் சொல்ல மட்டும் செய்யுங்கள், அவர்கள் செய்யட்டும். கேட்டுச் செய்வது முன்னால், பேசுவது பின்னால் என்ற இந்த முறையை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களிலேயே எழுதி வைத்தார், சிறுவர் வகுப்புகளில் இன்றைக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. பசையை மட்டும் ஆளுக்கொன்று கொடுத்துவிடாதீர்கள். நாலு பேருக்கு ஒரு டப்பா வையுங்கள், பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு வாங்க வேண்டி வரும், அப்படிக் கேட்கிற இடத்தில்தான் ஆங்கிலம் வாயில் வரும். இருபது கிறிஸ்துமஸ் வார்த்தைகளைப் பலகையில் எழுதி ஒப்பிக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எதுவரை என்றால், தொழுவத்தில் பிறந்த குழந்தையின் கதையை 'எங்கள் வீட்டில் நாங்கள் சொல்கிற கதை' என்று தாராளமாகச் சொல்லுங்கள், குடில் படத்தைக் காட்டுங்கள். கைகூப்பி ஜெபிக்க மட்டும் வைக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள், பெற்றோர் நம்பி அனுப்பியிருக்கிறார்கள், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. இன்னொன்று, அந்த ஊரில் தலை புனிதமானது. கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி கொடுப்பதென்றால் நீங்களே மாட்டிவிடாமல் கையில் கொடுங்கள், அவர்களே போட்டுக்கொள்வார்கள். நம்ம ஊர் வழக்கத்தில் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கவும் வேண்டாம்.

பலகாரத்துக்கு அச்சுமுறுக்குதான். பூ அச்சை எண்ணெயில் சூடாக்கி மாவில் முக்கிச் சுடுகிற அதே பலகாரம் தாய்லாந்திலும் உண்டு, கனோம் தோக் ஜோக் என்பார்கள். பாக்கெட் வாங்கி மேசையில் வையுங்கள், கூடவே அம்மா சுட்டதின் படத்தையும் காட்டுங்கள். 'இது எங்க பாட்டியும் சுடுவாங்க' என்று எந்தப் பிள்ளையாவது துள்ளினாலும் துள்ளும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காது என்று பள்ளியில் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

ஏக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். இங்கே நள்ளிரவு 12 மணி என்றால் அங்கே ஒன்றரை, காலையில் பள்ளி இருப்பதால் விழித்திருப்பது கஷ்டம், பக்கத்தில் கோயில் இருந்தால் மாலைப் பூசைக்கே போய்விடுங்கள். மறுநாள் அங்கே ஒன்பதரைக்கு வகுப்பென்றால் இங்கே காலை எட்டு. தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வீடியோ கால் போடுங்கள். வாசலில் தொங்கும் நட்சத்திரத்தை அம்மா காட்டட்டும், என்ன கலர், யார் செய்தது, எத்தனை முனை என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆங்கிலத்தில் கேட்கட்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் என்றால் இன்னும் நல்லது, பிள்ளைகளுக்குப் பயமே இருக்காது.

கேள்வி: ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருக்கும் என் மகன், அங்கே கிறிஸ்துமஸுக்கு கேஎஃப்சி சிக்கனை முன்பதிவு செய்து வாங்குவார்கள் என்கிறான். நிஜமா?
- ஒரு தாய், குளச்சல்

பதில்: நிஜம்தான் அம்மா. 1974-ல் அந்தக் கம்பெனி செய்த விளம்பரத்திலிருந்து பிடித்த பழக்கம். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான், 25-ஆம் தேதி பொது விடுமுறையும் இல்லை, ஆனாலும் சிக்கனும் கிரீம் தடவிய ஸ்ட்ராபெரி கேக்கும் வீடு வீடாக உண்டு. 24 மாலை கடையில் கூட்டம் அதிகம், முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வட்டயப்பமும் ஆட்டுக்கறியும் செய்து படம் எடுத்து அனுப்புங்கள், அவன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் பாடத்துக்கு ஆகும்.