சூடு வராத ஹீட்டர்களும் சூடுபட்ட வாசகர்களும்

கேரவன் வண்டியில் இருக்கும் புரொப்பேன் வாட்டர் ஹீட்டரைப் பற்றி இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மெக்கானிக்குகளுக்கு விட்ட சாபங்களையும் எடுத்துவிட்டேன். அவற்றில் சில நியாயமானவைதான்.

கேள்வி: சுவிட்சைப் போட்டால் ‘டிக் டிக்’ என்று பொறி அடிக்கிறது, ஆனால் பற்றவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டுச் சிவப்பு விளக்கு எரிகிறது. ஹீட்டரை இயக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்றார் மெக்கானிக். மாற்றினோம். அதே டிக் டிக், அதே சிவப்பு விளக்கு. இப்போது கேஸ் வால்வை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா ஐயா?

பதில்: மாற்றாதீர்கள். சுவிட்சைப் போட்டதும் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

12 வோல்ட் மின்சாரம் போர்டுக்குப் போகிறது. போர்டு கேஸ் வால்வைத் திறந்து, பொறி விட்டு, தீ பற்றியதா என்று பார்க்கிறது. தீ எரிந்தால் அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் ஓடும். சில விநாடிகளில் அது வராவிட்டால் போர்டு வால்வை மூடிவிடும். பல மாடல்களில் மூன்று முறை இப்படி முயன்றுவிட்டு, பூட்டிக்கொண்டு விளக்கைப் போடும். ஆக, நீங்கள் தூக்கிப் போட்ட போர்டு பொறியும் விட்டது, கணக்காக மூன்று முறை எண்ணியும் காட்டியது. ஒரு போர்டு அதற்கு மேல் என்னதான் செய்ய வேண்டும்?

கேஸ் வந்து சேருகிறதா என்று முதலில் பாருங்கள். வண்டிக்குள் இருக்கும் அடுப்பைப் பற்ற வையுங்கள். பல மாதம் சும்மா நின்ற வண்டியில் குழாய் முழுக்கக் காற்று இருக்கும். அடுப்பு நின்று எரிய ஆரம்பித்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். சிலிண்டரைப் படக்கென்று திறப்பவரா நீங்கள்? அப்படித் திறந்தால் எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி, பாதுகாப்பு அடைப்பு கேஸை ஒடுக்கிவிடும். மூடிவிட்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.

அப்புறம் வெளியே போய் ஹீட்டர் கதவருகே நின்று கேளுங்கள். பொறிக்கு முன்னால் வால்வு ‘டக்’ என்று திறக்கும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பேட்டரி வோல்ட்டேஜ், எர்த் வயர், போர்டின் முனைத் தொடுப்புகள் என்று வரிசையாகப் பாருங்கள். தொடுப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும். ‘டக்’ வந்தும் பற்றவில்லையா? கேஸை மூடி, எல்லாம் ஆறிய பிறகு பர்னர் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்.

இந்தக் குழாய் விஷயத்தை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் ஹீட்டருக்கும் இதே வியாதி வந்தது. ஒரு போர்டு வாங்கினேன். சரியாகவில்லை என்றதும், வந்ததே பழுது என்று முடிவுகட்டி இரண்டாவது போர்டும் வாங்கினேன். கடைசியில் பர்னர் குழாயின் வளைவில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு சிலந்தி வலை. விரல் நகம் அளவுகூட இல்லை. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை ஒரு முறை விட்டு எடுத்தேன், நீல நிறத்தில் பற்றிக்கொண்டது. அந்த இரண்டாவது போர்டு இன்னும் பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது.

ஏன் இருக்கிறது? “எலெக்ட்ரிக்கல் பொருள் திரும்ப எடுப்பதில்லை” என்று பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். என் பல வருடத்து வயிற்றெரிச்சலே இதுதான். எது பழுது என்று பார்க்கத் தெரியாதவர், விலை அதிகமான பாகத்திலிருந்து மாற்ற ஆரம்பிக்கிறார். அது தப்பாகப் போனால் நஷ்டம் நமக்கு, லாபம் கடைக்கு. வாங்கிய பொருளில் குறை இருந்தால் திருப்பித் தரலாம். நோயைத் தப்பாகச் சொல்லி விற்றதை எந்தக் கணக்கில் திருப்புவது? அதனால் மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “எதை அளந்து பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?” இந்த ஹீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 11 அங்குல உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தத்தில் கேஸ் வர வேண்டும். அதை அளக்கும் மானோமீட்டர் அவர் பையில் இருக்கிறதா? பொறி விடும் எலெக்ட்ரோடு கம்பியின் இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதையாவது பார்த்தாரா? பதிலாக முறைத்தால் பணம் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் பழைய போர்டு போனது குப்பைக்கா, அவர் பைக்கா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஹீட்டர் நன்றாக எரிகிறது. குழாயில் வருவதோ வெதுவெதுப்பு. பெரிய தொட்டி வைத்த ஹீட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: வண்டிக்கு வெளியே ஒரு ஷவர் இருக்குமே, அதன் இரண்டு திருகுகளையும் மூடிவிட்டுப் பாருங்கள். ஷவர் தலையில் உள்ள பட்டனை மட்டும் அடைத்துவிட்டுத் திருகுகளைத் திறந்தே விட்டால், குளிர்நீர் அந்த வழியாகச் சுடுநீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். அது சரியாக இருந்தால், குளிர்காலத்தில் தொட்டியைச் சுற்றிப் போகத் திருப்பிய பைபாஸ் வால்வு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் செலவு கிடையாது.

கேள்வி: தண்ணீரில் கூமுட்டை நாற்றம். விலை உயர்ந்த ஃபில்டர் போட்டும் போகவில்லை.

பதில்: எந்தக் குழாயும் திறக்காதபோது நாறுகிறதா? அப்படியானால் அது தண்ணீர் இல்லை, கேஸ். புரொப்பேனுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்தைச் சேர்த்திருக்கிறார்கள். எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து சிலிண்டரை மூடுங்கள்.

சுடுநீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் நாறுகிறது என்றால் தொட்டிக்குள் பாக்டீரியா. தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டை அது நாற்ற வாயுவாக மாற்றுகிறது. தொட்டி அரிக்காமல் இருக்க, அதற்குப் பதில் தான் அரிபடும் மெக்னீசியம் ஆனோடு கம்பி அதற்குத் துணை போகிறது. ஹீட்டரை அணைத்து, ஆறவைத்து, தொட்டியை வடித்துக் கழுவி, நீர்த்த குளோரின் கலந்த தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்தி, நன்றாக அலசிவிடுங்கள். மறுபடியும் வந்தால் அலுமினிய ஆனோடுக்கு மாறுங்கள். நாற்றம் பிறப்பது ஃபில்டரைத் தாண்டிய பிறகு. வாங்கும் முன் குளிர்நீர்க் குழாயையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: ஹீட்டருக்கு ஆனோடு கம்பி கட்டாயம் என்று கடைக்காரர் ஒன்று கொடுத்தார். என்னுடையது அட்வுட் கம்பெனி ஹீட்டர். கம்பி துளைக்குள் நுழையவே இல்லை.

பதில்: நுழையாததே நல்லது. அட்வுட் தொட்டி அலுமினியம், அதற்கு ஆனோடு தேவையில்லை, பிளாஸ்டிக் அடைப்பான்தான். எஃகுத் தொட்டி உள்ள சபர்பன் கம்பெனி ஹீட்டர்களுக்குத்தான் கம்பி வேண்டும். பிரிக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் ஊர் சுற்ற நானும் கணவரும் பழைய கேரவன் ஒன்று வாங்கினோம். “குளிருக்காகத் தண்ணீரை வடித்து வைத்திருக்கிறோம், இப்போது ஹீட்டரை ஓட்டிக் காட்ட முடியாது, ஆனால் எல்லாம் வேலை செய்யும்” என்றார்கள். வசந்தத்தில் நிரப்பினால் தொட்டியின் அடியிலிருந்து கொட்டுகிறது. உள்ளே விரிசல். முன்பே உறைந்து வெடித்திருக்கிறது என்கிறார் பார்த்தவர்.

பதில்: அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. தண்ணீரை வடித்து வைப்பது உண்மையான வழக்கம் என்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. இதே வசனத்தை நம்பி நானும் ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன். என்னுடையதில் ஹீட்டர் பிழைத்துக்கொண்டது, பம்ப் செத்திருந்தது.

ஹீட்டரைக் கழற்றும் முன் விரிசல், மாடல் எண் ஸ்டிக்கர், பைபாஸ் வால்வு இருந்த நிலை எல்லாவற்றையும் படமெடுங்கள். பார்த்தவரிடம், இது புதிய விரிசல் அல்ல, உறைந்ததால் வந்தது என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். விரிசல் ஓரத்தில் துருவோ உப்புப் பொருக்கோ இருந்தால் அதுவே சாட்சி. விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ “எல்லாம் வேலை செய்யும்” என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இவற்றை இணைத்து, இத்தனை நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும் என்று எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசாதீர்கள். போனில் அவர்கள் இனிமையாகப் பேசுவார்கள், பேசியதற்குச் சாட்சி இருக்காது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: தண்ணீர் நிரப்பி, கேஸில் அரை மணி நேரம் ஓட்டி, கையில் சுடும்வரை பணத்தை எடுக்க வேண்டாம்.

கேள்வி: தொட்டியே இல்லாத ஹீட்டர், ‘முடிவில்லாத சுடுநீர்’ என்கிறார்கள். சூடாக்கும் திறன் மணிக்கு 42,000 பி.டி.யு. வாங்கலாமா?

பதில்: கணக்கு போடுவோம். அது சுமார் 12 கிலோவாட். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால், ஒரு துளிச் சூடும் வீணாகாவிட்டால்கூட, தண்ணீர் 29 டிகிரிதான் ஏறும். புகையோடு போவதைக் கழித்தால் 23, 24. உள்ளே வருவது 10 டிகிரித் தண்ணீர் என்றால் வெளியே வருவது உடம்பு சூடுகூட இல்லை. முடிவில்லாமல் வரும்தான், வெதுவெதுப்பாக. குழாயைச் சன்னமாகத் திறந்தால் சூடு கூடும். ரொம்பச் சன்னமாகத் திறந்தால் ஹீட்டர் அணைந்துவிடும். சோப்பு போடும்போது தண்ணீரை நிறுத்தும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், மறுபடி திறக்கும்போது நடுவில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் தலையில் விழும். வெயில் நாளில் மட்டும் சுற்றுபவரானால் வாங்குங்கள்.

கேள்வி: தொட்டியில் அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வு சொட்டுகிறது. இரண்டு மாற்றியாயிற்று.

பதில்: தொட்டியின் மேல்பகுதியில் இருக்க வேண்டிய காற்று கரைந்து போயிருக்கிறது. ஹீட்டரையும் பம்ப்பையும் அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து, வால்வின் நெம்புகோலைத் தூக்கி, தண்ணீர் நிற்கும்வரை விட்டு மூடுங்கள். மூன்றாவதை வாங்க வேண்டாம். எரிச்சலில் அந்தத் துளையை அடைத்தும் விடாதீர்கள், தொட்டி வெடிகுண்டாகிவிடும்.

கேள்வி: சூடு கூடினால் போகும் அந்தக் குட்டி ஃபியூஸ் அடிக்கடி போகிறது. வயரை நேராக முறுக்கி இணைத்துவிட்டேன். நன்றாக ஓடுகிறது. தப்பா?

பதில்: தப்பு. இன்றே பிரியுங்கள். தீ வெளியே திரும்பி வருவதால் அது போகிறது. பர்னர் குழாயில் வலையோ, கரியோ, குளவிக்கூடோ இருக்கும். கதவைச் சுற்றிப் பெயின்ட் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கரன்ட் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பதில்: ஹீட்டர் ஆறியிருக்கும்போது வெளியே போய் ரிலீஃப் வால்வின் நெம்புகோலைத் தூக்குங்கள். தண்ணீர் வந்தால் இருக்கிறது. வராவிட்டால், வெறும் தொட்டியில் சூடாக்கும் எலிமென்ட் கருகியிருக்கும்; அந்தப் பழைய எலிமென்ட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் வாட்டையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.