விடுவதும் விட்டுவிடுவதும்

கேள்வி: மாடித் தோட்டத்தில் நான் ரசாயனத்தைத் தொடுவதே இல்லை. தக்காளிக் காய்ப்புழுவுக்கு ஒட்டுண்ணிக் குளவி அட்டை வாங்கி விடுகிறேன். தொட்டிகளில் மண்புழு விட்டிருக்கிறேன். பஞ்சகவ்யமும் தெளிக்கிறேன். ஓர் உயிரை விட்டு இன்னோர் உயிரைக் கொல்வது பாவம் என்கிறார் என் மாமியார். இது சரியா?
- வாசகி, ஈரோடு

பதில்: பாவக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். உங்கள் சிறிய கேள்வியில் 'விடுவது' மூன்று முறை வந்திருக்கிறது. என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. நாம் பட்டம் விடுகிறோம், தூது விடுகிறோம், கோயிலுக்குக் காளை விடுகிறோம். பட்டம் விடுகிற பையனின் கையில் நூல் இருக்கிறது. தூது விட்டவர் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கோயில் காளை எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அந்த ஊர் அதற்குத் தண்ணீர் காட்டியது. விட்ட பிறகும் நம்முடையதாக இருப்பதைத்தான் தமிழில் விடுவது என்றோம். தோட்டக்காரர்களிடம் மட்டும் அந்த நூல் எப்படியோ அறுந்துபோயிற்று. பணம் கொடுத்து உயிரை வாங்குகிறார்கள், விடுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்ததைவிடப் பெரிய உண்மை. அந்த அட்டையை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கசகசாவைவிடச் சிறிய கறுப்பு மணிகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். அத்தனையும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். உடைத்த கம்பும் நிலக்கடலைத் தூளும் நிரப்பிய தட்டுகளில் அந்தப் பூச்சியை வளர்த்து, முட்டைகளைச் சலித்தெடுத்து, உள்ளேயிருக்கும் கரு சாகும்வரை புற ஊதா விளக்கில் காட்டுகிறார்கள். பிறகு அட்டையில் ஒட்டி, அரை மில்லிமீட்டர் நீளமுள்ள டிரைக்கோகிரம்மா குளவியை அதில் முட்டையிட வைக்கிறார்கள். குளவி வளர வளர முட்டை கறுக்கிறது. ஒரு சிசி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர், முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 16,000 முதல் 20,000 முட்டைகள். ஆக, உங்கள் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே அந்த அட்டையில் சாவு நடந்து முடிந்திருக்கிறது. இதை மாமியாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொல்லிவிட்டு, அட்டையைத் தயங்காமல் கட்டுங்கள். குளவி தேடுவது, காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டையை. புழு பிறந்து ஊர்வதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. விஷத்தைத் தெளித்தால் அது புழுவோடு நிற்காது. பக்கத்துப் பூவில் உட்கார்ந்த தேனீயும், இலை மடிப்பில் வலை பின்னிய சிலந்தியும் சேர்ந்தே சாகும். கொல்லாமல் தக்காளி விளைவிக்க முடியும் என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. எதை, எவ்வளவு, எதற்காக என்று எண்ணிப் பார்த்துக் கொல்கிறவரை மதிக்கிறேன்.

பொறுப்போடு விட்டதற்கு உதாரணம் நம் கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளைப் பஞ்சாக மூடியது. விவசாயிகள் அடித்த மருந்தெல்லாம் அந்த மெழுகுப் பஞ்சின் மேலேயே தங்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். வந்ததும் வயலில் கொட்டவில்லை. வேறு எதையாவது தாக்குமா என்று பெங்களூரில் அடைத்து வைத்துச் சோதித்த பிறகே விட்டார்கள். மரவள்ளி பிழைத்தது.

பார்க்காமல் விட்டதற்கு உதாரணம் ஆஸ்திரேலியா. கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி, 1935-இல் ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது, அதன் புழு மண்ணுக்குள் இருந்தது, தேரை தரையில் இருந்தது. ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை. தேரைகள் கோடிக்கணக்கில் பெருகின. அவற்றைக் கவ்விய உடும்புகள் விஷம் ஏறிச் செத்தன. அந்தத் தேரையை நான் திட்ட மாட்டேன். அது கேட்டா கப்பல் ஏறியது?

இனி உங்கள் மண்புழு. இதே பக்கத்தில் முன்பு இதைப் பற்றி எழுதியதற்கு எனக்கு வந்த வசைக் கடிதங்கள் கொஞ்சமல்ல. இருந்தாலும் மறுபடியும் எழுதுகிறேன். கிலோ கணக்கில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஐரோப்பாவின் ஐசினியாவும் ஆப்பிரிக்காவின் யூட்ரிலஸும்தான். சாணத்திலும் மக்கும் குப்பையிலும் மேலாக வாழ்கிற புழுக்கள் அவை. வெறும் செம்மண் நிரப்பிய தொட்டியில் போட்டால் பட்டினி கிடக்கும். போன சித்திரையில் ஓர் உறவினர் வீட்டு மாடியில் நீலப் பிளாஸ்டிக் தொட்டியின் மேல் கிடந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். சாக்கு முறுக்காகக் காய்ந்திருந்தது. நிழல் விழுந்த ஒரு மூலையில் புழுக்கள் எலுமிச்சை அளவுக்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வெளிப்பக்கம் இருந்தவை சணல் நூல்போல் உலர்ந்துபோயிருந்தன. உள்ளே நான்கைந்து மட்டும் இன்னும் நெளிந்தன. குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் போயிருந்தார்களாம். வீட்டு நாய்க்கு ஆள் ஏற்பாடு செய்திருந்தார்கள். புழுவைப் பற்றி யாருக்கும் நினைவே வரவில்லை. நீங்கள் கேட்ட பாவம் எனக்கு அந்தத் தொட்டியில்தான் தெரிந்தது.

பஞ்சகவ்யத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். சாணம், கோமியம், பால், தயிர், நெய் என்று ஐந்தை எண்ணுகிறோம். கன்று பிறக்காமல் பசு பால் கறப்பதில்லை. பிறப்பதில் பாதி காளைக்கன்று. உழவு டிராக்டருக்குப் போன பிறகு அந்தக் கன்றுக்கு வேலை இல்லை. பல இடங்களில் அது சந்தைக்கு ஏற்றப்படுகிறது. தெளிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குப் பஞ்சகவ்யம் தருகிறவரிடம், "காளைக்கன்றுகளை என்ன செய்கிறீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். வளர்க்கிறவராக இருந்தால் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்து அவரிடமே வாங்குங்கள்.

தொட்டிப் புழுக்களைச் சாணம் உள்ள உரத்தொட்டிக்கு இன்றே மாற்றுங்கள். ஊருக்குப் போனால் சாக்கை நனைக்க ஆள் வையுங்கள். அட்டையை வெயில் தாழ்ந்த பிறகு, எறும்பு ஏறாத இடத்தில், இலைக்கு அடியில் கட்டுங்கள். ஒரு வாரத்துக்கு வேப்பெண்ணெய்கூட அடிக்க வேண்டாம். கொத்தமல்லிச் செடியில் நாலைந்தை மட்டும் பறிக்காமல் பூக்க விடுங்கள். அந்தக் குளவிக்கும் தேன் வேண்டும்.