ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா?

முடிவதில்லை, முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அரசியலில் பக்தி, அதாவது தலைவரைக் கேள்வி கேட்காமல் வணங்குவது, சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25 அன்றே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்.

கிராம சபையையே பாருங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதி குறித்தே கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். பல ஊர்களில் நடப்பதோ, நோட்டில் கையெழுத்து வாங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். குழாயில் தண்ணீர் வராததை அங்கே எழுந்து கேட்காதவர், எம்.எல்.ஏ. வந்தால் சால்வை போர்த்தி மனு கொடுக்கிறார்! சோம்பல் மட்டும் காரணமல்ல. இன்று ஊராட்சித் தலைவரை எதிர்த்துக் கேட்டால், நாளை வீட்டு வரி விஷயமாக அதே ஊராட்சி அலுவலகத்தில்தான் போய் நிற்க வேண்டும். தனி ஆளாக எழுந்திருக்கத் தயங்குவது அதனால்தான். நாலைந்து பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போய், கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.