ஒரே துண்டாகப் போன்சோ: கேள்வி பதில்

கழுத்தில் தொடங்கி, தையலே இல்லாமல் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போன்சோ, அதாவது தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் கையில்லாத மேலாடை பற்றி வந்த கேள்விகள் இவை. முன்னும் பின்னும் ஒவ்வொரு கூர்முனை தொங்கும் வகையைத்தான் சொல்கிறேன். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு பின்னும் உயரமான கண்ணியை நான் டபுள் குரோஷே என்று எழுதுகிறேன்; அதைப் பிரிட்டிஷ் புத்தகங்கள் ட்ரெபிள் என்று சொல்லும், குழம்பிவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, என் கழுத்துச் சுற்றளவு 34 செ.மீ. தொடக்கத்தில் எத்தனை சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த நூல் வளையம்) போட வேண்டும்?

கழுத்தை விட்டுவிடுங்கள், தலையை அளந்து பாருங்கள். போன்சோ நுழைய வேண்டியது தலைவழியாகத்தானே! பெரியவர்களுக்கு 60 செ.மீ. வைத்தால் தாராளமாக நுழையும். உங்கள் கைக்கு 10 செ.மீ. அகலத்தில் 14 கண்ணி வருகிறது என்றால் 84 சங்கிலி. என் மகளுக்குப் பின்னிய முதல் போன்சோ அவள் காதருகே சிக்கி நின்றுவிட்டது. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, சங்கிலி இறுகியிருந்தது. அதன்பிறகு சங்கிலிக்கு மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியை எடுக்கிறேன்.

கேள்வி: வட்டமாக இணைக்கும்போது சங்கிலி முறுக்கிக்கொள்கிறது.

இணைக்காமலே முதல் வரிசையை நேராகப் பின்னி முடியுங்கள். பட்டையாக வந்தபின் முறுக்கு கண்ணுக்குத் தெரியும். அப்போது ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) போட்டு இணைத்து, அடியில் உள்ள சிறு இடைவெளியை நூல் வாலால் மூடிவிடலாம்.

கேள்வி: முனைகளில் புடவை போலக் கொசுவம் விழுகிறது. எங்கே தவறு?

முனையில் கண்ணிகளை அதிகமாகக் கூட்டுகிறீர்கள். 84 கண்ணியில் முதல் கண்ணியும் 43ஆம் கண்ணியும் முனைகள். அங்கே 2 டபுள் குரோஷே, 2 சங்கிலி, மீண்டும் 2 டபுள் குரோஷே. அடுத்த சுற்றுகளில் அந்தச் சங்கிலி இடைவெளிக்குள்ளேயே இதைத் திரும்பச் செய்யுங்கள். டபுள் குரோஷேயின் உயரம் ஏறத்தாழ இரண்டு கண்ணிகளின் அகலம். துணி செங்கோணமாகத் திரும்ப, ஒரு சுற்று எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு அகலம் முனையின் இருபுறமும் கூட வேண்டும். அதனால்தான் புறத்துக்கு இரண்டு. மூன்று போட்டால் கொசுவம், ஒன்று போட்டால் கிண்ணம் போலக் குழியும். வேறெங்கும் கூட்ட வேண்டாம். ஐந்து சுற்று முடிந்ததும் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மடித்துத் தரையில் வைத்துப் பாருங்கள். படிந்து கிடந்தால் தைரியமாகத் தொடரலாம்.

கேள்வி: சுற்றுகளை இணைக்கும் கோடு கழுத்திலிருந்து சாய்ந்துகொண்டே போகிறதே?

ஒரே பக்கமாகப் பின்னிக்கொண்டே போனால் கண்ணிகள் சாயத்தான் செய்யும். ஒவ்வொரு சுற்றையும் இணைத்ததும் திருப்பிப் பின்னுங்கள்.

கேள்வி: பாதி ஆழம் முடித்துவிட்டேன், பாதி நூல் மிச்சம். போதுமா மேடம்?

போதாது. சுற்றுக்கு 8 கண்ணி கூடுவதால், 84இல் தொடங்கியது முழு ஆழமான 32 சுற்றில் ஏறத்தாழ 340 கண்ணி ஆகிவிடும். பாதி ஆழத்தில் மொத்த நூலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் செலவாகியிருக்கும். இன்றே கடைக்குப் போங்கள். நூல் உருண்டையின் காகிதப் பட்டையில் உள்ள சாய லாட் எண்ணை (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கான எண்) பார்த்து அதே எண்ணில் கேளுங்கள். எண் மாறினால் நிறம் கோடு போட்டதுபோல் தெரியும்.

கேள்வி: பருத்தியா, அக்ரிலிக்கா?

குளிருக்கு என்றால் கம்பளி அல்லது அக்ரிலிக். பருத்தி கனமானது, தன் எடையாலேயே இறங்கும். இரண்டு சுற்று குறைத்துப் பின்னுங்கள். அக்ரிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், துவண்டுபோனால் பழைய நிலைக்குத் திரும்பாது. எந்த நூலானாலும் துவைத்தபின் கொடியில் தொங்கவிடாமல், துண்டின்மேல் படுக்கையாக விரித்து உலர்த்துங்கள்.