செமாஃபோர்ல முதல் நம்பர் 0வா 1ஆ?

கேள்வி: சி-ல ரெண்டு த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடற வேலைங்க). ஒண்ணு 5 இடம் இருக்கற பஃபர்ல நம்பர் போடும், இன்னொண்ணு எடுத்து பிரிண்ட் பண்ணும். செமாஃபோர தொடங்கி வைக்கற செம்_இனிட்ல மூணாவதா 1 குடுத்திருக்கேன். சில சமயம் போடாத நம்பர்லாம் பிரிண்ட் ஆகுது, ஏன் சார்? – தாம்பரம் மாணவி

செமாஃபோர்ங்கறது த்ரெட் எப்போ போகலாம், எப்போ நிக்கணும்னு சொல்ற ஒரு எண்ணிக்கை. அந்த மூணாவது நம்பர் சும்மா ஆன் பண்ற ஸ்விட்ச் இல்லம்மா, ஆரம்பிக்கும்போது எத்தனை சரக்கு ரெடியா இருக்குங்கற கணக்கு. வீட்டுக்கு தண்ணி கேன் வாங்கறோம்ல, காலி கேன் குடுத்தாதான் ஃபுல் கேன் வரும், அதே மாதிரி உனக்கும் ரெண்டு செமாஃபோர் வேணும். தொடங்கறப்போ ஃபுல் கேன் ஒண்ணு கூட இல்ல, அதனால அதுக்கு 0. காலி இடம் 5, அதுக்கு 5. நீ ஃபுல்லுக்கு 1 போட்டுட்ட, அதனால போடற த்ரெட் வர்றதுக்குள்ள எடுக்கற த்ரெட் செம்_வெயிட்ட (எண்ணிக்கை 0வா இருந்தா த்ரெட்ட நிறுத்தி வைக்கற வரி) தாண்டிப் போய் காலி கேன தூக்கிட்டு வந்துடுது. 1 வர்றது பூட்டு மாதிரி, ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் தொடணும்ங்கற இடத்துக்கு.

ரெண்டு செம்_இனிட்டும் மெயின்ல, த்ரெட்ட உருவாக்கற பி-த்ரெட்_கிரியேட்டுக்கு முன்னாடியே முடியணும். த்ரெட் ஃபங்ஷனுக்குள்ள போடாத. செம்_இனிட்ல நடுவுல இருக்கற ஆர்க்யுமென்ட் 0வாவே இருக்கட்டும்.

தயவுசெஞ்சு ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து கோட் வாங்காத. போன மாசம் ஒரு பையன் அப்படி வாங்கினத எடுத்துட்டு வந்தான், செமாஃபோர் எல்லாத்துக்கும் 1, எடுக்கற த்ரெட்ல முதல் வரியே ஸ்லீப்(1), அதாவது ஒரு செகண்ட் சும்மா நில்லு. அவங்க லேப்டாப்ல ஓடிக் காட்டிட்டாங்க, காலேஜ் லேப்ல மாட்டிக்கிட்டான். ஸ்லீப் தப்ப மறைக்கும், சரி பண்ணாது. வைவாலயும் செமாஃபோர கண்டுபிடிச்ச டைக்ஸ்ட்ரா வெயிட்டுக்கும் போஸ்ட்டுக்கும் வச்ச பி, வி-ங்கற பேருக்கு டச்சுல என்ன அர்த்தம்னு கேக்கறாங்க, இங்க ஏன் 0 போட்டேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க, வருஷா வருஷம் இதே கதைதான், கோவம் வருது.

ஒண்ணு முக்கியம், ஃப்ரெண்டோட ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறதா இருந்தா செம்_இனிட் அங்க வேலை செய்யாது. கம்பைல் ஆகும், ஒரு வார்னிங் வரும், ஓட்டினா -1 திரும்பும், அத நீ செக் பண்ணலன்னா செமாஃபோரே இல்லாத மாதிரி ப்ரோக்ராம் பாட்டுக்கு ஓடும். அங்க செம்_ஓபன், பேரு வச்சு. அந்தப் பேரு ப்ரோக்ராம் முடிஞ்சாலும் சிஸ்டத்துல உக்காந்திருக்கும், அதனால ஓபனுக்கு முன்னாடி அந்தப் பேர அழிக்கற செம்_அன்லிங்க் போடு, இல்லன்னா நீ 0னு எழுதினாலும் போன தடவ மிச்சமான எண்ணிக்கைதான் இருக்கும்.