தொடை எலும்பு ஒப்பரேஷனில் இரத்தம் போவதைக் குறைக்க முடியுமா?

களுவாஞ்சிக்குடியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்த அம்மம்மாவுக்கு மட்டக்களப்பில் ஒப்பரேஷன், இரத்தம் நிறையப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். தொடை எலும்பு முறிந்தாலே தசைக்குள் 1 லீட்டர் வரைகூடக் கசியலாம்.

இப்போது பெரிதும் கைகொடுப்பது டிரனெக்ஸாமிக் அமிலம். இது இரத்தத்தை உறைய வைக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உடல் தானே கட்டிய உறைவைக் கரைந்துபோகாமல் காக்கிறது, அவ்வளவுதான். ஜப்பானின் ஒக்கமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்தது. மாதவிடாய்ப் பெருக்குக்குக் குளிசையாகக் கொடுப்பதும் இதையே. பெரும்பாலும் வெட்டுவதற்குச் சற்று முன் 1 கிராம் அளவில் நாளத்தில் ஏற்றுவார்கள்.

முழங்காலுக்குக் கீழே ஒப்பரேஷன் என்றால், இரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாகத் தடுக்க மேலே இறுக்குப்பட்டி கட்டலாம். இடுப்புப் பக்கம் அதற்கு வழியில்லை.

வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, காலில் இரத்தக்கட்டி முன்பு இருந்திருந்தால், டிரனெக்ஸாமிக் அமிலம் ஏற்றும் முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். அப்புறம், அஸ்பிரின் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.